நர்சிங் படிப்பு: ஆய்வகமா, வார்டா?

பட்டமா டிப்ளமாவா என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. முடிந்தவர்கள் பட்டமே படிக்கலாம். 9 ஐரோப்பிய நாடுகளில் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்ததாம்.

தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது அடுத்த கட்டம். ஒரு கல்லூரியில் பொம்மை நோயாளிகளை வைத்துப் பழகும் அருமையான சிமுலேஷன் ஆய்வகம், இன்னொன்றில் சொந்த மருத்துவமனை. நான் மருத்துவமனை உள்ள கல்லூரியில் சேர்ந்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆய்வகம் லேசுப்பட்டதல்ல. அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிளினிக்கல் நேரத்தில், அதாவது நோயாளிகளிடம் நேரடியாகப் பயிலும் நேரத்தில், பாதியைத் தரமான சிமுலேஷனுக்கு மாற்றியும் உரிமத் தேர்வுத் தேர்ச்சி குறையவில்லை. இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் முதலுதவியை முதன்முதலில் பொம்மையிடம் தடுமாறிக் கற்பதே எல்லோருக்கும் நல்லது.

ஆனால் ஆய்வகத்தில் எந்த நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியரே முடிவு செய்துவிடுகிறார். வார்டில் அப்படி இல்லை. ஒருவர் வலியில் கத்துகிறார், ஒருவருக்கு ட்ரிப் முடிந்துவிட்டது, மூலைக் கட்டிலில் ஒருவர் சத்தமில்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். முதலில் ஓட வேண்டியது மூலைக் கட்டிலுக்கு. அந்தக் கண் வார்டில்தான் பழகும்.

அதுவும் பக்கத்தில் நின்று காட்ட ஆள் இருந்தால்தான். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க மாணவிகளை இறக்கிவிட்டு, படுக்கை விரி, பி.பி. பார், சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோ என்று வருடத்தை ஓட்டும் மருத்துவமனைகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் செவிலியர் படிப்புக்கு 4,600 மணி நேரம், அதில் குறைந்தது பாதி கிளினிக்கல் என்று விதித்திருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட இடங்களிலும் மணிக்கணக்கு பதிவேட்டில் எப்படியும் நிறைந்துவிடும். ஆகவே சேருமுன் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், டியூட்டி நேரத்தில் அவர் வார்டில் இருப்பாரா அறையில் இருப்பாரா என்று விசாரியுங்கள். இறுதியாண்டு மாணவி ஒருவரிடம், நேற்று அவர் பார்த்த நோயாளிக்கு எந்த மருந்து, எதற்காக என்று பேச்சுக் கொடுங்கள். "சிஸ்டர் கொடுக்கச் சொன்னாங்க" என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள்.

குழந்தைகள் வார்டிலும் மனநலப் பிரிவிலும் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே கணக்கு மாறலாம். பிரசவமே அரிதாக நடக்கும் மருத்துவமனை என்றால், நானும் ஆய்வகக் கல்லூரிப் பக்கம்தான் சாய்வேன்.