பேச்சுத்துணை தேடும் பித்தளை டிராகன்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நடத்தும் ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் ஐந்தாம் பதிப்புக்காக 2014இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’, ஆட்டத்தில் எதிர்ப்படும் கற்பனை உயிரினங்களை விவரிக்கும் 352 பக்கங்கள் கொண்ட தடித்த நூல். வாங்கியவர்கள் முதலில் புரட்டுவது பெரும்பாலும் சிவப்பு டிராகனைத்தான். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் என்ற முறையில் நான் அடிக்கடி திரும்பிச் செல்வது பித்தளை டிராகனின் பக்கங்களுக்கு. அந்த ஒரு பகுதியை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். 2025இல் திருத்திய நூல் வந்துவிட்டதால், இது 2014 நூலுக்கே பொருந்தும்.

வறண்ட பாலைவனத்தில் வாழும் இந்த இனத்துக்கு வெயில் காய்வதும் வாய் ஓயாமல் பேசுவதுமே வாழ்க்கை. இயல்பில் நல்லது, ஆனால் கட்டுக்குள் நிற்காதது. பேசாமல் நழுவப் பார்க்கும் வழிப்போக்கரைப் பின்தொடரும். அவர் மந்திரத்தாலோ பலத்தாலோ தப்ப முயன்றால், கோபித்துக்கொண்டு தன் உறக்க மூச்சால் தூங்கவைக்கும். கண்விழிப்பவர் அதன் நகங்களுக்கடியில் அழுந்தியோ கழுத்தளவு மணலில் புதைந்தோ கிடக்க, டிராகன் ஆசை தீரும்வரை பேசிக்கொண்டிருக்கும். திண்ணையில் அகப்பட்டவரை எழவிடாத பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அதேசமயம் இது ஏமாளியும் அல்ல. தன்னிடம் யாரேனும் சூது செய்தால் கண்டுகொண்டு, அதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சூது செய்யும்.

1977ஆம் ஆண்டு வந்த பழைய நூலில் இந்த டிராகனுக்கு உறக்க வாயுவோடு அச்சமூட்டும் வாயுவும் இருந்தது. பேச ஆள் தேடும் பிராணி, வந்தவரை அலறி ஓடவைக்கும் மூச்சையும் வைத்திருப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் அந்த இடத்தில் நெருப்பு வந்தது நல்ல திருத்தம்.

இப்பகுதியில் நான் மிகவும் மெச்சுவது, குகையைச் சுற்றியுள்ள நிலம் எப்படி மாறுகிறது என்ற குறிப்புகள். குகையிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் எந்த நீர்நிலையையும், ஓரளவு அறிவுள்ள உயிர் ஒன்று 30 அடிக்குள் நெருங்கினால், டிராகனுக்கு அது தெரிந்துவிடும். பாலைவனத்தில் தாகமெடுத்தவர் தண்ணீருக்கு வந்துதான் ஆக வேண்டும். பேச்சுத்தாகம் கொண்டது அங்கே காத்திருக்கிறது. பாதுகாப்பான ஒதுங்கிடத்துக்கும் மறைந்திருக்கும் நீருக்கும் வழிகாட்டும் காலடித் தடங்களும் மணலில் தாமாகவே தோன்றும். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் விதிகளே குணத்தைச் சொல்லிவிடுகின்றன.

போர் விவரங்களில் இந்த நுட்பம் இல்லை. வளர்ந்த பித்தளை டிராகனுக்கு, எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி 172; எவ்வளவு வலிய எதிரி என்பதைக் காட்டும் சவால் அளவு 13. அந்த வயதுக்குரிய பத்து இனங்களில், வெள்ளை டிராகனோடு சேர்த்து, இதன் சவால் அளவே மிகக் குறைவு. அதில் எனக்கு வருத்தமில்லை. சண்டை மூண்டவுடன் இதுவும் மற்ற டிராகன்களைப் போலவே கடித்து, பிராண்டி, வாலால் அடிக்கிறது என்பதுதான் குறை. எதிரியைப் பேச்சுக்கு இழுக்க ஒரு செயலாவது கொடுத்திருக்கலாம். பேச்சால் இணங்கவைக்கும் திறனுக்குப் பகடை எண்ணோடு கூட்டல் 8 தந்ததோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் மேசையில் அந்தக் குறையை நான்தான் சொந்த விதிகளால் நிரப்பிக்கொண்டேன்.

புதையல் பற்றிய பத்தி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. சொந்த அறிவோடு பேசக்கூடிய மந்திரப் பொருள்களையே இந்த டிராகன் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறது. மற்ற செல்வத்தை மணல் மேடுகளில் புதைத்துவைத்தாலும், எது எங்கே என்று வரைபடம் இல்லாமலே நினைவில் வைத்திருக்கும். சென்ற ஆட்டத்தில் மணலில் புதைந்து கிடந்த எங்கள் நண்பரின் கதாபாத்திரம், விடுதலைக்கு ஈடாகத் தன் பேசும் வாளைக் கொடுத்தது. அடுத்த வாரம் அதே வாளை மீட்கத் திரும்பிப் போனபோது, வாள் வர மறுத்துவிட்டது. டிராகன் சொல்லிக்கொண்டிருந்த கதை இன்னும் முடியவில்லையாம்.