மடல் முழுதா, ஒரு துண்டு மட்டுமா?

நுரையீரல் புற்றுநோய்க்குச் சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் அறுவை என்றாலே மூச்சு முழுதாகத் திரும்பிவிடும் என்று நினைக்கிறோம், பாதிதான் சரி. துளை சின்னதானால் வலி குறையும், நன்றாக இருமிச் சளியை வெளியேற்றலாம், முதல் சில வாரங்கள் லேசாகப் போகும். அப்புறம் உள்ளே எவ்வளவு வெட்டினார்கள் என்பதுதான் கணக்கு.

லோபெக்டமி என்ற அறுவையில் நுரையீரலின் பெரிய பிரிவான ஒரு மடலே போய்விடும் (வலப்பக்கம் 3, இடப்பக்கம் 2தான் இருக்கின்றன). செக்மென்டெக்டமியில் மடலின் ஒரு பகுதி மட்டும். ஜப்பானில் 2 செ.மீ.க்கு மிகாத கட்டி உள்ள 1,106 பேரை வைத்து நடந்து, 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று ஓராண்டில் முதல் வகையில் 12 சதவீதமும் இரண்டாவதில் 8.5 சதவீதமும் குறைந்திருந்தது. இவ்வளவுதானா வித்தியாசம் என்று எனக்கு ஏமாற்றம்தான்; மீதி நுரையீரல் விரிந்து ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் துண்டு எடுத்ததில் 94.3 சதவீதம், மடல் எடுத்ததில் 91.1. ஆனால் நோய் அருகிலேயே திரும்பியது துண்டு எடுத்தவர்களில் 10.5, மடல் எடுத்தவர்களில் 5.4 சதவீதம், இதை லேசாக விடக் கூடாது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர் என்றால் என் ஓட்டு செக்மென்டெக்டமிக்கு. கட்டி பெரிதென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது.