ஸ்டோரிவீவர்: நாலு வயது மகளுக்குத் தமிழில் கதை வாசிக்க

பெங்களூருவில் நாங்கள் இருக்கும் பக்கத்தில் குழந்தைகளுக்கான தமிழ்ப் புத்தகம் கிடைப்பது அபூர்வம். ஊருக்குப் போகும்போது வாங்கி வரும் நாலைந்தையும் மகள் பத்தே நாளில் மனப்பாடம் செய்துவிடுவாள், அப்புறம் "வேற கதை". அப்படித் தேடும்போதுதான் பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளம் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேலாக ராத்திரிக் கதை அங்கிருந்துதான்.

2015-இல் தொடங்கிய தளம். 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன, காசு கிடையாது. கதைகளை நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான், மீதியைப் படம் சொல்லும். நாலு வயதுக்கு அங்கே தொடங்குங்கள், பிள்ளை கேட்கிறதே என்று மூன்றாம் நிலைக்கு அவசரமாகத் தாவ வேண்டாம்.

தமிழில் வாசித்துக் காட்டும் எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. அச்சில் இருக்கும் தமிழை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் பேச்சுக்கு மாற்றியே வாசித்தேன். 'பூனை மரத்தில் ஏறியது' மாதிரி ஒரு வரி, நான் "பூனை மரத்துல ஏறுச்சு" என்றேன். அவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்து, "அப்பா, இங்க 'து' இருக்கு, நீ 'ச்சு'ன்னு சொல்ற" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் அச்சில் உள்ளபடியே நான் வாசிப்பேன், பிறகு அவள் அதையே வீட்டுப் பேச்சில் எனக்குச் சொல்வாள். 'சென்றான்' என்று வந்தால் "போனான்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். இதற்கு முதல் நிலைக் கதைகள் மாதிரி தோதானது வேறில்லை, வரி சின்னது, பிள்ளை வாயில் நிற்கும்.

மொழிபெயர்ப்புக் கதைகள் நிறைய உண்டு, சில வரி வாய்க்குச் சரளமாக வராமல் போகலாம் என்பதால் படுக்கைக்குப் போகும் முன் நீங்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கதைகள் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, இருப்பதால் தளத்திலேயே நீங்களும் மொழிபெயர்க்கலாம், பெரிய கதையைச் சின்ன நிலைக்கு மாற்றியும் எழுதலாம், மூலக் கதையை உருவாக்கியவர்களின் பெயர்களைக் குறிப்பிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் இருக்கும், நாங்கள் அதையும் வாசிப்போம். கதையை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

போன் திரையில் வாசிக்காதீர்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் கதை போச்சு, பிள்ளையும் படத்தைப் பார்க்காமல் தள்ளிக்கொண்டே போகும். பிடிஎஃப் எடுத்து, ஒரு தாளில் இரண்டு பக்கமாக வண்ணத்தில் அச்செடுத்து, ஓரத்தில் ஸ்டேப்லர் அடித்தால் புத்தகம் தயார். நான் இரண்டு பிரதி எடுக்கிறேன். ஒன்று கரூரில் இருக்கும் அவள் அப்பாயிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். அப்பாயி மெதுவாக எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவர் முடிக்கும்வரை இவள் பக்கத்தைத் திருப்புவதில்லை.