இம்ப்ளான்ட்டை மாற்றுவதா, எடுப்பதா, உறையோடு எடுப்பதா?

சிலிக்கோன் மார்பக இம்ப்ளான்ட் வைத்த சிலருக்கு ஓயாத அசதி, மூட்டு வலி, முடி கொட்டுதல், மறதி எல்லாம் சேர்ந்து வருகின்றன. இம்ப்ளான்ட்தான் காரணம் என்று உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் 2021-இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டாயமாக்கிய, கட்டத்துக்குள் அச்சிடும் கடுமையான எச்சரிக்கையில் இத்தகைய அறிகுறிகளும் இடம்பெற்றன. இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு வேறு வைக்காதவர்களில் சிலருக்கு அவை முழுக்க நீங்கியதாகவும் அதிலேயே இருக்கிறது.

வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய, அறுவைக்கு முன் ரத்தத்தில் தைராய்டு, ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), வைட்டமின் டி, ஈஎஸ்ஆர் (அழற்சி), ஏஎன்ஏ (தன்னுடல் தாக்கு நோய்கள்), ஆன்டி-சிசிபி (முடக்குவாதம்) பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே அசதியும் முடி உதிர்தலும்தான். அதற்கு மாத்திரை போதும்.

சிலிக்கோன் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு, உப்புநீர் நிரப்பிய சலைன் இம்ப்ளான்ட் வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. இருப்பதில் பலவீனமானதும் அதுதான். உள்ளே உப்புநீர் என்றாலும் வெளி ஓடு சிலிக்கோன்தான். சலைன் வைத்தவர்களும் இதே புகார்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே லாபம், சலைன் கிழிந்தால் மார்பு வற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெல் கிழிந்தால் வெளியே தெரியாது. அதனால்தான் ஜெல்லுக்கு 5–6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2–3 வருடத்துக்கு ஒருமுறை என்கிறது எஃப்டிஏ. கிழிசல் பார்க்க மட்டும் என்றால் எம்ஆர்ஐக்கு, படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம்.

எடுப்பது என்று முடிவானால் அடுத்த கேள்வி, இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடலே கட்டிய கேப்சூலை, அதாவது திசு உறையை, என்ன செய்வது. மெல்லியதாக, மிருதுவாக இருந்தால் விட்டுவிடலாம். தடித்து இறுகியிருந்தாலோ, சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, ஜெல் கசிந்திருந்தாலோ எடுப்பது நல்லது. இணையத்தில் பலர் விடாமல் கேட்பது 'என் பிளாக்', அதாவது உறையைத் திறக்காமல், சுற்றுத் திசுவையும் சேர்த்து ஒரே கட்டியாக வெட்டுவது. அது புற்றுநோய்க்கான அறுவை. தசைக்கு அடியில் வைத்த இம்ப்ளான்ட்டின் பின்பக்க உறை விலா எலும்பில் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டும்போது நுரையீரல் உறை கிழிந்து காற்றுப் புகலாம், ரத்தக்கசிவும் கூடும். அறிகுறிகள் தணிவதைப் பொறுத்தவரை, உறையை முழுதாக எடுத்தவர்களுக்கும் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. 'என் பிளாக் செய்தால்தான் குணம்' என்று கூடுதல் கட்டணம் கேட்டால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால், குறிப்பாகச் சொரசொரப்பான ஓடு என்றால், பிஐஏ-ஏஎல்சிஎல் லிம்போமாவைச் சந்தேகிக்க வேண்டும்; இது மார்பக இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும், நோய் எதிர்ப்பு அணுக்களின் அரிய புற்றுநோய். அல்லர்கனின் பயோசெல் ரகம் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். வீங்கிய இடத்தில் தேங்கிய நீரை ஊசியால் எடுத்து, முடிந்தால் 50 மில்லிலிட்டராவது, சைட்டாலஜிக்கும் (செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) சிடி30-க்கும் (இந்த லிம்போமா செல்களைக் காட்டும் அடையாளப் புரதம்) அனுப்ப வேண்டும். வெறுமனே வடித்துக் கொட்டிவிட்டால் பரிசோதிக்க மிஞ்சாது. லிம்போமா உறுதியானால் அங்கே உறை முழுதும் வந்தாக வேண்டும், பேரமே இல்லை.