பிக்ராட் மாடல்: நல்ல கருவிதான், ஆனால் ஏஐ வந்த பிறகு ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும்

வகுப்பில் தொழில்நுட்பத்தை உருப்படியாகப் பயன்படுத்துகிறோமா என்று பார்க்க நிறைய ஃப்ரேம்வொர்க்குகள் இருக்கின்றன. ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி காதில் விழுவது சாமர் மாடல். ரூபன் புவெண்டெடுரா தந்தது, பழையதற்குப் பதிலாகத் தொழில்நுட்பத்தை வைப்பதில் தொடங்கி பாடத்தையே புதிதாக வடிவமைப்பது வரை நான்கே படிகள், பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாடத்தைக் கவனிக்க உட்கார்ந்தால் திணறல்தான், ஏனென்றால் மாணவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி அதில் தனியாக இல்லை, ஏணி மாதிரி இருப்பதால் மேல்படிக்குப் போகிறவர்தான் நல்ல ஆசிரியர் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. 2016இல் ஹாமில்டன், ரோசன்பெர்க், அக்சாவோலு மூவரும் எழுதிய விமர்சனமும் இதையொட்டியதுதான்: வகுப்பின் சூழல் அதில் இல்லை, படிநிலை ரொம்ப இறுக்கம், கற்கும் விதத்தைவிட விளைபொருளுக்கே மரியாதை.

2020இல் கிம்மன்ஸ், கிரஹாம், வெஸ்ட் வெளியிட்ட பிக்ராட் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறது. மாணவர் சும்மா பார்க்கிறாரா, ஊடாடுகிறாரா, எதையாவது உருவாக்குகிறாரா? ஆசிரியரின் பழைய முறையைத் தொழில்நுட்பம் அப்படியே திரைக்குக் கொண்டுவருகிறதா, மேம்படுத்துகிறதா, அடியோடு மாற்றுகிறதா? மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம், அவ்வளவுதான்; மாணவர் உருவாக்கி, பழைய முறையும் அடியோடு மாறினால் அது மேல் கட்டம். முக்கோணத்தின் கோணங்களைப் பற்றி வீடியோ போட்டுக் காட்டினால் மாணவர் பார்வையாளர். அதே பாடத்தில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்து, முனையைப் பிடித்து இழுத்து, வடிவம் எப்படி மாறினாலும் கூட்டுத்தொகை 180 டிகிரியாகவே நிற்பதை அவரே கண்டுபிடித்தால் கட்டம் மாறிவிடுகிறது. சாதனம் ஒன்றுதான், வேலை வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு பார்வையில் காட்டுவது பெரிய விஷயம். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்மார்ட் போர்டாக இருந்தாலும் அதில் ஸ்லைடு மட்டும் ஓடினால் அது எந்தக் கட்டம் என்பதில் வாதாட இடமே இல்லை.

மேம்படுத்துவது எங்கே முடிகிறது, அடியோடு மாற்றுவது எங்கே தொடங்குகிறது என்பதில் மட்டும் குழப்பம் வரும், ஒரே பாடத்தை இரண்டு பேர் இரண்டு கட்டத்தில் போடுவார்கள். தொழில்நுட்பம் இல்லாமல் இதே செயல்பாட்டை நடத்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. ஒரு மாணவர் ஏஐயிடம் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரையோ படமோ வாங்கி ஒப்படைக்கிறார். பிக்ராட் அட்டவணையில் இதை எங்கே போடுவது? ஏதோ உருவாகியிருக்கிறது, அதனால் உருவாக்கும் வரிசையில் போடத்தான் கை போகும், மாணவரோ ஒரு வரி தட்டிவிட்டுக் காத்திருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அதே ஏஐ தந்த கட்டுரையில் எந்தத் தகவல் தவறு, எந்த வாதம் பலவீனம் என்று தேடித் திருத்தச் சொன்னால் அவர் மூளை உழைக்கிறது. ஆனால் வெறும் திருத்தம்தானே என்று கீழே தள்ளிவிடுவோம். திரையில் வந்ததைப் பார்க்காமல் மாணவர் எடுத்த முடிவுகளைப் பார்க்க வேண்டும் என்று அட்டவணையில் மாணவரைப் பற்றிய பகுதியைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும்.

இன்னொரு குறை, பிக்ராட்டை உருவாக்கியவர்களே ஒத்துக்கொள்வது: மேல் கட்டத்தில் இருப்பதால் மாணவர் அதிகம் கற்றார் என்று ஆகிவிடாது. இந்த இடத்தில் லிஸ் கோல்பின் ட்ரிபிள் இ என்ற ஃப்ரேம்வொர்க் நன்றாகக் கைகொடுக்கும், அது கற்றல் இலக்கிலிருந்தே தொடங்குகிறது. ஈடுபாடு, கற்றலை மேம்படுத்துவது, வகுப்புக்கு வெளியே நீட்டிப்பது என்று மூன்று பகுதி. அதில் ஈடுபாடு என்பது திரையில் மூழ்கிக் கிடப்பதல்ல, பாடத்தில் கவனம் நிற்பது.

25 கட்டம் கொண்ட டிம் மாட்ரிக்ஸ் என்ற இன்னொரு அட்டவணை இன்னும் விரிவானது, ஆனால் தனி ஆசிரியருக்கு அவ்வளவு தேவைப்படாது, பள்ளி முழுவதையும் பார்க்கிறவர்களுக்குச் சரி.

ஆகவே பாடம் தயாரிக்கும்போது பிக்ராட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அட்டவணைக்குக் கீழே இரண்டு கேள்விகளைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதில் மாணவர் தானே எடுத்த முடிவு எது? கருவியை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், இதை வைத்து ஆசிரியருக்கு மதிப்பெண் போட வேண்டாம். அந்த வேலையைத் தொடங்கினால் எல்லோரும் மேல் கட்டத்துக்காகப் பாடத்தை வளைப்பார்கள், நல்ல கரும்பலகைப் பாடம் ஒன்று காரணமே இல்லாமல் காணாமல் போகும்.