பல் கிளினிக்குக்கு ஒரு தணிக்கைச் சேவை: எந்தப் பகுதி காசு பெறும்?

சிறிய பல் கிளினிக்குகளுக்கு நேரில் வந்து, சிகிச்சை நடைமுறை, சட்ட ஆவணங்கள், வரவு செலவு ஆகிய மூன்றையும் பார்த்து அறிக்கை தரும் ஆலோசனைச் சேவைகள் சென்னையில் கிடைக்கின்றன. வில்லிவாக்கத்தில் இரண்டு நாற்காலிகளுடன் நான் நடத்திவரும் கிளினிக்குக்கு அவற்றில் ஒன்றை அண்மையில் அமர்த்தினேன். கட்டணம் முப்பத்தைந்தாயிரம் ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரு தரப்பும் மற்றவர் பெயரை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல இயலாது. ஆனால், இத்தகைய சேவையை வாங்கலாமா என்று யோசிக்கும் பல் மருத்துவர்களுக்குப் பெயரைவிட, அதன் எந்தப் பகுதி காசு பெறும் என்று தெரிவதே பயன்படும்.

மூன்று பேர் தனித்தனி நாட்களில் வந்தார்கள். முதலில் வந்தவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் தொற்றுக்கட்டுப்பாட்டுச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அம்மையார். வரவேற்பறையில் உட்காரக்கூட இல்லை, நேராகக் கருவிகள் கழுவும் இடத்துக்குப் போய், மேசையில் இருந்த சலைன் பாட்டிலைக் கையில் எடுத்து, "இதை எப்பம்மா திறந்தீங்க?" என்று என் உதவியாளரிடம்தான் கேட்டார், என்னிடம் அல்ல. கேள்விக்குக் காரணம் உண்டு. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளைத்தொற்றால் இறந்ததை 2023-இல் ஆராய்ந்தவர்கள், கிருமிநீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, தளர்வாக மூடி, அடுத்தடுத்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியதை அத்தொற்றுடன் தொடர்புபடுத்தினார்கள். அந்தச் செய்தியைப் படிக்காத பல் மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது; ஆனால் பாட்டிலைத் திறப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், மாதச் சம்பளத்துக்கு வரும் உதவியாளர் என்பதை நினைவில் வைத்துக் கேள்வியை உரியவரிடம் கேட்டார் என்பதற்காகவே இந்த அம்மையாருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

கருவிகளை அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் பற்றி அவர் செலவிட்ட நேரம் அறிக்கையின் மற்ற எல்லாப் பக்கங்களையும் விடப் பயனுள்ளது. 121 டிகிரியில் பதினைந்து நிமிடம், 134 டிகிரியில் மூன்று நிமிடம் என்பது கல்லூரியிலேயே மனப்பாடம் செய்த கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு, நீராவி கருவியின் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. பல்லைக் குடையப் பயன்படும் ஹேண்ட்பீஸ் போன்ற உட்குழிவான கருவிகளுக்குள் அடைபட்ட காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றும் பி வகுப்பு ஆட்டோகிளேவ் எதற்கு, குக்கர் வடிவச் சாதாரண ஆட்டோகிளேவ் எங்கே போதும், எங்கே போதாது என்பதை உதவியாளர்களுக்குப் புரியும்படி அவர் விளக்கினார். கருவிகளை வைத்து மூடும் பையின் மேல் நிறம் மாறும் கோடு, பை சூட்டைக் கண்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே கிருமி இறந்ததா என்பதைச் சொல்ல, வெப்பத்தை எளிதில் தாங்கும் நுண்ணுயிரியின் வித்துகளைக் கொண்ட சோதனைக் குப்பியை வாரம் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தோடு வெளியே வரும் பையைச் சுத்தமானதாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை அவர் மூன்று விதமாகச் சொன்னார்.

தண்ணீர் பற்றிய பகுதி சென்னைக்காகவே எழுதியது போல இருந்தது. மெட்ரோ வாட்டர், ஆழ்குழாய்க் கிணறு, கோடையில் லாரித் தண்ணீர் என்று மாறி மாறி வரும் ஊரில், நாற்காலியின் மெல்லிய குழாய்களுக்குள் என்ன படிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தனிப் பாட்டிலில் சுத்திகரித்த நீர் வைப்பது, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் இருபது முப்பது விநாடி நீரை ஓடவிடுவது, மில்லிலிட்டருக்கு ஐந்நூறு என்ற நுண்ணுயிர் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிப்பது ஆகியவற்றை எழுதிக் கொடுத்ததோடு, ஆட்டோகிளேவுக்கு வாலை வடிநீர் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று அதன் மூடியிலேயே ஒட்டிவிட்டும் போனார். உதவியாளர்கள் மூவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா, அதன் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு பார்த்தாயிற்றா என்று சான்றிதழுடன் கேட்டார். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை என்பதையும், அது நள்ளிரவில் நேர்ந்தால் எந்த அரசு மருத்துவமனைக்குப் போவது என்பதையும் சுவரில் எழுதி வைக்கச் சொன்னார்.

கழிவு, எக்ஸ்ரே பற்றிய பகுதி சுருக்கமானது. 2016-ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி கழிவைப் பிரித்துப் போடும் நான்கு நிறங்கள், அதைக் கிளினிக்கில் வைத்திருக்க 48 மணி நேர வரம்பு, ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈலோரா இணையதளத்தில் எக்ஸ்ரே கருவியின் பதிவு ஆகியவை பல் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே. பாதரசம் கலந்த வெள்ளி அமால்கம் அடைத்த பல்லைப் பிடுங்கினால் எரியூட்டலுக்குப் போகும் மஞ்சள் பையில் போடக் கூடாது, பாதரசம் காற்றில் கலக்கும் என்ற குறிப்பு மட்டும் பலருக்குப் புதிதாக இருக்கலாம்.

இரண்டாவதாக வந்தவர் நுகர்வோர் ஆணையங்களில் வாதாடும் வழக்கறிஞர். பேச்சில் நிதானம், பயமுறுத்தல் இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கி, குற்ற வழக்குக்குக் கடும் அலட்சியம் இருக்க வேண்டும் என்ற 2005 தீர்ப்பு வரை ஒரு மணி நேரத்தில் தெளிவாகச் சொன்னார். சிகிச்சைப் பதிவேடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதும் பல் மருத்துவர் நெறிமுறை விதிகளில் இருப்பவை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு என்றாலும், அந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பதே வழக்காகிவிடும் என்பதால் இம்ப்ளான்ட் (தாடையெலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) பதிவுகளை மூன்று ஆண்டில் கிழித்துவிட வேண்டாம் என்றார். காகிதக் கோப்புகள் தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார். 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த ஊரில் அதை ஒரு வழக்கறிஞர் எழுத நேர்வது வேடிக்கைதான்.

ஆனால் அவர் கொடுத்த ஒப்புதல் படிவம் என்னை ஏமாற்றியது. மயக்க ஊசி, பல் பிடுங்கல், வேர் சிகிச்சை, இம்ப்ளான்ட் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கி, "மருத்துவர் தேவை எனக் கருதும் வேறு எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்" என்ற வரியோடு முடிகிற படிவம் அது. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லாது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர தனியாகக் கேட்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கி, வேர் பிளந்திருப்பதைப் பாதியில் கண்டு பல்லைப் பிடுங்க நேரும்போது, உயிர் போகிற அவசரம் எதுவும் இல்லை. நாற்காலியை நிமிர்த்தி, எக்ஸ்ரேயைக் காட்டி, மறுபடி கையெழுத்து வாங்கத்தான் வேண்டும். இதைச் சுட்டிக்காட்டிய பிறகு சிகிச்சைவாரியாகத் தனித்தனிப் படிவங்கள் வந்தன, அவை நன்றாகவே இருந்தன. கேட்காதவர்களுக்கு எது போகிறதோ தெரியாது.

மூன்றாமவர் வணிக ஆலோசகர். ஒரு நாற்காலி ஒரு மணி நேரம் திறந்திருக்க வாடகை, சம்பளம், கடன் தவணை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து என்ன செலவாகிறது என்று அவர் போட்டுக் காட்டிய கணக்கு உண்மையிலேயே கண்ணைத் திறந்தது. வெளியிலிருந்து வரும் கன்சல்டண்ட் மருத்துவருக்கு மொத்தத் தொகையில் பங்கு கொடுப்பதா, செயற்கைப் பல் செய்து தரும் லேபின் கட்டணம் கழித்த பிறகா என்பதை எழுத்தில் வைக்கச் சொன்னதும் சரியே. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் நாம் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற வழியில்லை, ஆகவே கடை வாடகையின் மேல் வரும் 18 சதவீதத்தையும் செலவாகவே பாருங்கள் என்றார். (அவர்கள் கட்டணத்தின் மேல் வந்த 18 சதவீதமும் அப்படித்தான் என்பதை நான் சொல்லவில்லை.) பல்லுக்குக் கம்பி கட்டும் சிகிச்சைக்கு முழுப் பணத்தையும் முதலில் வாங்காமல் மாதத் தவணையாக வாங்கினால், பிள்ளை கல்லூரிக்கு வேறு ஊர் போகும்போது பணம் திருப்புவதில் சண்டை வராது என்பது நல்ல யோசனை.

அதன் பிறகுதான் சரிவு. உதவியாளருக்குத் தினசரி விற்பனை இலக்கு, சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான படங்களோடு தள்ளுபடி விளம்பரம், நோயாளியை அனுப்பிவைக்கும் மருந்துக்கடைக்குப் பத்து சதவீதம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கங்கள் போகின்றன. பரிந்துரைக்குக் கமிஷன் கொடுப்பதையும் ஆள் பிடிக்கும் விளம்பரத்தையும் நெறிமுறை விதிகள் தடுக்கின்றன என்று அதே அறிக்கையில், அதே நிறுவனத்தின் வழக்கறிஞர், சில பக்கங்களுக்கு முன்னால் எழுதியிருக்கிறார். மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய வழியில்லை. கேட்டபோது, அவை கட்டாயமல்ல, விருப்பத் தெரிவுகள் என்று பதில் வந்தது. பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் வந்தால் பதில் சொல்லப்போவது பதிவு எண் வைத்திருக்கும் மருத்துவர்தான், ஆலோசகர் அல்லர்.

புதிதாகக் கிளினிக் திறப்பவர்களுக்கு முதல் பகுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டாவதைப் படிவங்களை வரிக்கு வரி படிக்கும் பொறுமை இருந்தால் வாங்கலாம். மூன்றாவதில் நாற்காலிச் செலவுக் கணக்கை உங்கள் ஆடிட்டரே போட்டுத் தருவார். செலுத்திய தொகைக்கு மறு வருகை எதுவும் இல்லை, தொலைபேசி ஆலோசனை மட்டும் மூன்று மாதம் உண்டு. செவிலியரின் வருகையை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று விசாரித்ததில், உதவியாளர் பயிற்சியோடு சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வருவார் என்றார்கள். விலைப்பட்டியலில் அது அச்சிடப்படவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.