டான் ஆஃப் மேன்: கல்லாயுதம் கையில் இருக்கும்வரை அருமை

நகரம் கட்டும் விளையாட்டு என்றாலே சாலை போடு, வரி வாங்கு, மின்கம்பி இழு என்று போவதுதான் நமக்குப் பழக்கம். டான் ஆஃப் மேனில் அந்தப் பேச்சே கிடையாது. கி.மு. 10,000, ஓர் ஆற்றோரம், சில தோல் கூடாரங்கள், கையில் ஈட்டியோடு ஒரு சின்னக் கூட்டம், அவ்வளவுதான். இவர்களைப் பசியிலும் குளிரிலும் சாகவிடாமல் பழைய கற்காலத்திலிருந்து இரும்புக்காலம் வரைக்கும் கரைசேர்க்க வேண்டும். 2015-இல் வேற்றுக் கிரகத்தில் குடியேறும் பிளானட்பேஸைச் செய்த மட்ருகா வர்க்ஸ் என்ற சின்ன நிறுவனம்தான் இதையும் செய்தது. 2019 மார்ச் 1-ஆம் தேதி கணினிக்கு வந்தது, அப்புறம் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் போனது.

இவ்வளவு பழைய விளையாட்டுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்றால், கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் தள்ளுபடி வரும்போதெல்லாம் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் புதிதாக வாங்கிவிடுகிறார், வாங்கிய கையோடு பினாங்கில் எங்கள் பட்டர்வொர்த் ஒட்டுக்கடையில் அதே சண்டை மறுபடியும் ஆரம்பிக்கிறது. பக்கத்து ஊரான பிறையில் ஷிப்டு வேலை பார்க்கும் நண்பர் "வெண்கலம் வந்ததுமே எனக்குத் தூக்கம் வந்துடுது" என்பார். இன்னொருவர் "இதுல இருக்கிற ஆளுங்களுக்கு மூளையே இல்லண்ணே" என்று மேசையைத் தட்டுவார். கோலாலம்பூரில் படிக்கும் என் சித்தப்பா மகள் மட்டும் "எனக்குக் கல் இழுக்கிறதே போதும்ணே" என்பாள், அதற்கு மேல் சண்டைக்கு வரமாட்டாள்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது பற்றாக்குறையை வைத்து ஓடுகிற விளையாட்டு. கூட்டத்துக்கு ஏதாவது ஒன்று போதாமல் இருக்கிறவரை கணினியை விட்டு எழுந்திருக்க மனசு வராது, எல்லாம் நிறைந்துவிட்டால் அங்கே நமக்கு வேலை இல்லை.

முதல் வருஷத்து இலையுதிர்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழம் பறிக்கிற காலம் முடிந்துவிட்டது. ஒரு மானை அடித்தால் இறைச்சி, தோல், எலும்பு எல்லாம் கிடைக்கும்தான், ஆனால் அதை அறுக்க ஆள் வேண்டும், சுமக்க ஆள் வேண்டும், வேட்டைக்குப் போனவர்களோ தூரத்தில் இருக்கிறார்கள், வழியில் ஓநாய் நிற்கிறது. இறைச்சியைக் காயவைக்கும் வித்தையை அதுவரை படிக்காமல் விட்டிருந்தால் சேர்த்ததெல்லாம் கெட்டுக்கொண்டே போகும். தோலைக் காயவைத்தால்தான் உடுப்பு தைக்கலாம், அதே காய்ந்த தோல்தான் கூடாரத்துக்கும் வேண்டும், கூடாரமோ நாளாக நாளாக இற்றுப்போகிற சாமான். ஆக இருக்கிற நாலு தோலில் உடுப்பா கூரையா என்று நீங்கள் முடிவு செய்வதற்குள் மரமெல்லாம் இலை உதிர்த்து வெள்ளை பூசத் தொடங்கியிருக்கும். குளிர் என்பதைக் கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்டுப் படம் பிடித்ததோடு நிறுத்திக்கொண்டவன் நான், பினாங்கு வெக்கையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு "ஐயோ மார்கழி வருதே" என்று பதறவைத்தது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

புதிய வித்தைகளைக் கற்பதற்கு அறிவுப்புள்ளி வேண்டும், அதைச் சேர்க்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. மற்ற விளையாட்டுகளில் ஒரு கட்டடம் கட்டி நாலு பேரை உள்ளே உட்காரவைத்தால் ஆராய்ச்சி தானாக ஓடும். இங்கே எதையும் செய்து பார்த்தால்தான் அறிவு. முதல் காட்டெருமையை வீழ்த்தினால் புள்ளி, முதல் மாமதத்தை, அதாவது அந்தக் காலத்துக் கம்பளி யானையை, வீழ்த்தினால் புள்ளி, ஒரு பொருளை முதல் தடவை செய்தால் அதற்கும் புள்ளி. அதனால் வயிறு நிறைந்திருந்தாலும் குகைச் சிங்கம் ஒன்றைக் கண்டால் கை துறுதுறுக்கிறது, போய் இரண்டு பேரைப் பறிகொடுத்துவிட்டு வருகிறோம். காலம் ஏற ஏற மாமதம், கம்பளிக் காண்டாமிருகம் எல்லாம் காட்டிலிருந்து காணாமல் போய்விடும், ஆகவே எப்போது அடிப்பது என்பதற்கும் கெடு உண்டு. ஓநாயைப் பழக்கி நாயாக்கிக்கொள்ளலாம். நாய் கூட வந்தால் வேட்டையின் போக்கே மாறிவிடும்.

இப்போது மூளை இல்லாத ஆட்கள் விஷயத்துக்கு வருவோம், எல்லோரும் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்.

இந்த விளையாட்டில் யாருக்கும் நிரந்தரத் தொழில் கிடையாது. ஒவ்வொருவருக்கும் பேர் உண்டு, வயசு உண்டு, ஆனால் இவன் வேடன், இவள் தோல் பதனிடுகிறவள் என்று பிரிக்க முடியாது. நாம் நிலத்தில் ஒரு வட்டம் போட்டு இங்கே சிக்கிமுக்கிக் கல் பொறுக்கு, அங்கே மரம் வெட்டு, இத்தனை பேர் போதும் என்று சொல்லிவைக்கலாம், கையில் வேலை இல்லாதவர் யாரோ அவர் கிளம்பிப் போவார். அந்த யாரோ சில நேரம் அறுபது தாண்டிய பாட்டியாக இருப்பார், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், வட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும். பாட்டி போய்ச் சேருவார், இரண்டு கல்லைப் பொறுக்குவார், பசி எடுத்துத் திரும்புவார், பாதி வழியில் குளிரில் விறைத்து விழுவார். அவர் போட்டுவிட்டுப் போன கல்லை எடுக்க அடுத்தவர் கிளம்புவார் பாருங்கள், அப்போதுதான் நம்ம நண்பர் மேசையைத் தட்டுகிறார்.

அவர் கோபம் நியாயம், ஆனால் பாதிதான் நியாயம். தூரத்து வட்டங்களைக் குளிர்காலத்துக்கு முன்னால் அழித்துவிட வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் உச்சவரம்பு வைக்க வேண்டும், மேலே வேலைப்பளு என்று ஒரு சதவீதம் தெரியும், அது ஏறிக்கொண்டே போனால் புதிய வேலை கொடுப்பதை நிறுத்த வேண்டும். அவர் அந்தச் சதவீதத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கிராமத்தையே வட்டம் வட்டமாகக் கோலம் போட்டுவைத்திருக்கிறார். விளையாட்டின் பக்கம் உள்ள குறை என்னவென்றால், இதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்று அது அழுத்திச் சொல்வதே கிடையாது. பயிற்சிப் பகுதியில் பழம் பறிக்கவும் மான் அடிக்கவும் சொல்லித்தருகிறது. உயிரைக் காப்பாற்றுகிற அந்தச் சதவீதத்தை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வைத்திருக்கிறது. வேகத்தைக் கூட்டி ஓடவிட்டால் யார் எப்போது எங்கே விழுந்தார் என்று தேடுவதற்குள் அடுத்த பருவம் வந்துவிடும். 2014-இல் வந்த பேனிஷ்ட் என்ற ஊர் கட்டும் விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த வகைச் சாவு புதிதல்ல, ஆனால் அங்கே வேலைக்கு ஆள் பிரித்துக் கொடுக்கிற உரிமையாவது கையில் இருந்தது.

என் சித்தப்பா மகள் சொல்லும் கல் இழுப்பு தனி ரகம். காட்டில் எங்கோ கிடக்கும் ஒரு பெருங்கல்லைக் குறித்துவிட்டால், ஆட்கள் மரச் சறுக்குவண்டியை எடுத்துக்கொண்டு போய் அதை ஏற்றி, கயிறு பிடித்து, மேடும் பள்ளமுமாக மெதுவாக இழுத்து வருவார்கள். ஒருவருக்குப் பசித்தால் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடுவார், கல் நடுக்காட்டில் நிற்கும், சாப்பிட்டுவிட்டு வேறு யாரோ வந்து பிடிப்பார். வேகத்தைக் கூட்டாமல் கேமராவைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள், பக்கத்தில் காட்டுக்கழுதைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும், ஆற்றில் ஒரு பையன் மீன் குத்திக்கொண்டிருப்பான். அப்படிக் கொண்டுவந்து நட்டால் நெடுங்கல், இன்னும் கல் சேர்த்தால் கல்திட்டை, அதற்கும் மேலே கல்வட்டம். மனத்தெம்பு கூடும், ஊர் மதிப்பு கூடும், மதிப்பைக் கேள்விப்பட்டு வெளியாட்கள் குடிவருவார்கள். தமிழ்நாட்டுப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் படத்திலாவது பார்த்த யாருக்கும் இந்தப் பகுதி நெருக்கமாகத் தோன்றும், எனக்குத் தோன்றியது.

நெருக்கம் அதோடு சரி. இந்த உலகம் முழுக்க முழுக்கக் குளிர்தேசத்து உலகம். விதைப்பது ஐன்கார்ன், எம்மர் என்ற பழங்கோதுமை வகைகள், ரை என்ற குளிர்நாட்டுத் தானியம், பட்டாணி, பருப்பு, ஆளி. நெல் இல்லை, கிழங்கு இல்லை, வாழை இல்லை, மூங்கில் இல்லை. ஆற்று மீன் உண்டு, கடல் கிடையாது, கடல் இல்லாததால் சிப்பியும் கிடையாது. பினாங்கின் நிலப்பகுதியான செபெராங் பிறையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பா என்று ஓர் இடம் இருக்கிறது, புதிய கற்கால மனிதர்கள் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கிடந்த இடம், 2017-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்து பினாங்குப் பெண் என்று பேர் வைத்தார்கள். வடக்கே கெடாவில் சுங்கை பத்துவில் பழைய இரும்பு உருக்கும் உலைகள். பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில். அந்தப் பள்ளத்தாக்கில் எலும்புக்கூடாகக் கிடைத்த பேராக் மனிதன் வாழ்ந்த காலமும் இந்த விளையாட்டு தொடங்கும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! இவ்வளவையும் ஒரு நாள் பயண தூரத்தில் வைத்துக்கொண்டு நான் ரை அறுத்துக்கொண்டிருக்கிறேன். பனிக்குப் பதிலாக மழையும் காய்ச்சலும் பயமுறுத்துகிற ஒரு வெப்பமண்டல வரைபடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது. ஸ்டீமின் பட்டறைப் பகுதியில் மற்ற ஆட்டக்காரர்கள் செய்துவைத்த வரைபடங்களை இறக்கி ஆடலாம், ஆனால் நான் தேடிய வகை கண்ணில் படவில்லை.

விவசாயம் வந்ததும் கொஞ்ச காலம் நன்றாகவே போகும். அறுவடைக்கு எல்லோரும் வயலில் இறங்க வேண்டும், பிந்தினால் பயிர் போச்சு. கூரைக்கு வைக்கோல் வேண்டும், தொழுவத்தில் கிடக்கும் ஆடுமாடுகளுக்குக் குளிர்காலத் தீனியும் அதே வைக்கோல்தான். பழைய தோல் பிரச்சினை புது வேஷத்தில் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாவு, ரொட்டி, பீர் என்று அடுக்கிக்கொண்டு போகலாம்.

அப்புறம் பிறை நண்பரின் தூக்கம் வந்துவிடும். சுற்றிலும் மரவேலி, வாசலுக்குக் கதவு, காவல் கோபுரம், களஞ்சியம் நிறைய தானியம். வருஷத்துக்கு வருஷம் கொள்ளைக்கூட்டம் வருகிறது, கதவில் வந்து முட்டுகிறது, உள்ளேயிருந்து அம்பு விடுகிறோம், செத்தவர்களின் ஆயுதங்களைப் பொறுக்கி வைக்கிறோம். யார் இவர்கள், எங்கேயிருந்து வருகிறார்கள்? தெரியாது. வரைபடத்தில் வேறு ஊரே கிடையாது, பேசவும் முடியாது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் முடியாது, நாமும் போய் அவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வர முடியாது. ஆநிரை கவர்ந்த கதைகளைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்த நமக்கு ஒரே பக்கமாகத் திருட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது சலிப்பாகத்தானே இருக்கும். வணிகர்கள் வருகிறார்கள், பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொள்ளலாம், சில நேரம் புதிய வித்தையைக்கூட அவர்களிடம் வாங்கலாம். அதுவும் கொஞ்ச நாளில் கணக்குப் பார்க்கிற வேலையாகிவிடும்.

என்னுடைய பெரிய குறை இன்னொன்று. இது ஒரு குலத்தின் கதை என்கிறார்கள், ஆனால் குலத்துக்குள் ஒன்றுமே நடப்பதில்லை. தலைவன் இல்லை, பூசாரி இல்லை, அண்ணன் தம்பிச் சண்டை இல்லை, குழந்தை பிறக்கிறது, ஆனால் அது யாரையும் அப்பா என்று கூப்பிட்டு ஓடுவதில்லை. முப்பது பேர் இருக்கும்போது ஒவ்வொரு பேரும் நினைவில் இருக்கும், ஒரு சாவு வலிக்கும். நூறு தாண்டிவிட்டால் மேலே ஓர் எண் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். நார்த்கார்ட் என்ற விளையாட்டில் ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் குணம் வைத்திருந்தார்கள், அதுபோலவே வேண்டாம், ஊரில் ஒரு கிழவரின் பேச்சுக்காவது மதிப்பு இருந்திருக்கலாம்.

வெளிவந்தபோது விலை 24.99 அமெரிக்க டாலர். அந்த விலைக்கு வாங்கச் சொல்லமாட்டேன், பாதி விலைக்கு வந்தால் யோசிக்காமல் எடுங்கள். சாதாரண மடிக்கணினியில் ஊர் சின்னதாக இருக்கும்வரை சிக்கலில்லாமல் ஓடும், ஆள் பெருகினால் வேகத்தைக் கூட்டும்போது திணறும். தமிழ் மொழித் தேர்வு கிடையாது, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். வெண்கலம் உருக்கத் தொடங்கியதும் சலிப்பு தட்டினால் தயங்காமல் நிறுத்திவிட்டு வேறு ஆற்றோரத்தில் புதுக் கூட்டத்தோடு ஆரம்பியுங்கள், இரும்புக்காலம் வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பிறை நண்பர் இப்போது அப்படித்தான் ஆடுகிறார், இரும்பை இதுவரை தொட்டதே இல்லை.